கியர் ஆயிலில் உருளைக்கிழங்கு

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான், உன் மாமா, அப்பா மூவரும் சுகம். பாப்பாவும் சுகம்தான். அவள் சுகமாக இருப்பதற்கு நாங்கள் மூவரும் படும் பாடுதான் கொஞ்சம் அதிகம். வாந்தி நின்றதா என்று அப்பா கேட்கச் சொன்னார். நீ கப்பலேறிய நாளிலிருந்து அவருக்கு அந்த ஒரு கேள்விதான்.

இதை நான் காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் பரீட்சை அட்டையை வைத்து எழுதுகிறேன். கார் எங்கும் போகவில்லை, நம் வாசலில்தான் நிற்கிறது. கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு எஞ்ஜினை ஓடவிட்டிருக்கிறேன். பின்சீட்டில் தூங்காமணி தூங்குகிறாள். உன் மருமகளுக்கு உன் மாமா வைத்த பெயர் அது. தொட்டில், தோள், தாலாட்டு எதற்கும் மசியாதவள் அப்பாவின் பழைய காரில் ஒரு சுற்றுப் போனால் கண்ணைச் சொருகிவிடுகிறாள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது கார் ஒரு குலுக்குக் குலுக்குமே, அந்தக் குலுக்கலில்தான் தூக்கம் வருகிறது. எஞ்ஜினை அணைத்தால் விழித்துக்கொள்வாள்.

அந்தக் குலுக்கல்தான் இப்போது வீட்டில் பிரச்சினை. முன்பு தாலாட்டு மாதிரி இருந்தது, இப்போது கழுதை உதைப்பது மாதிரி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் டை கட்டிய ஒருவர், ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை மெஷின் வைத்துப் பிரஷரில் மொத்தமாக வெளியே தள்ளிப் புதிதாக நிரப்ப வேண்டும் என்கிறார். உன் மாமா அந்தக் கட்சி. அப்பாவோ, "பதினெட்டு வருஷமா அந்த மூடியை நான் திறந்ததே இல்ல. அதனாலதான் ஓடுது" என்கிறார். தெருமுனை மெக்கானிக்கைக் கேட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கிறார். "இவ்ளோ ஓடின வண்டிக்கு ஒரே மூச்சுல அலசி எடுத்தா, தேஞ்ச இடத்துல பிடிப்பு குடுத்துக்கிட்டிருந்த அழுக்கும் போயிடும்மா. அப்புறம் எஞ்ஜின் கத்தும், வண்டி நகராது. மாத்தாம விட்டாலும் ஒருநாள் உக்காந்துடும்."

ஜூன் முதல் வாரம் என் லீவு முடிகிறது. குழந்தைகள் காப்பகம் ஊரின் ஒரு மூலை, என் ரத்தப் பரிசோதனைக் கூடம் எதிர் மூலை. கார் உட்கார்ந்துவிட்டால் என் வேலையும் கூடவே உட்கார்ந்துவிடும்.

நேற்று மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சு முற்றி, கடைசியில் அப்பாவே தீர்ப்புச் சொன்னார்: "என் பையனைக் கேளுங்க. கப்பல் எஞ்ஜினையே ஓட்டுறவன் சொன்னா நான் கேட்டுக்கறேன்." உன் மாமாவும் சரி என்றுவிட்டார். ஆக, முடிவு உன் கையில். போனில் கேட்டிருப்பேன். அப்பா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்.

சீக்கிரம் எழுது. எண்ணெயில் கிண்ணெயில் வழுக்கி விழாதே.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் துறைமுகத்தில் கிடைத்தது. நான் நலம். வாந்தி நின்று நான்கு மாதமாகிறது என்று அப்பாவிடம் சொல். மாமாவுக்கு வணக்கம். மருமகளுக்கு முத்தம், தூங்கும்போது வேண்டாம்.

நீ கேட்ட கேள்வி மிகவும் ஆழமானது. கப்பல் எஞ்ஜின் வேறு, கார் எஞ்ஜின் வேறு, கியர் வேறு. இதில் நான் கருத்துச் சொல்வது சரியாக இருக்குமா என்று யோசிக்கிறேன். அந்த மெக்கானிக் நல்லவராகத் தெரிகிறார், அவரையே கேட்கலாமே.

ஆனாலும் கேட்டுவிட்டாய். எண்ணெய் எதுவானாலும் அதன் நிறமும் வாடையும் தெரியாமல் பேசக்கூடாது. ஆறிய எண்ணெய் பொய் சொல்லும். சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார். என்ன நிறம்? மோந்து பார். கருகலா, சும்மா பழைய வாடையா? இரண்டும் தெரிந்தபின் எழுது.

இங்கே வேலை நெட்டி முறிகிறது. விடிந்தும் விடியாமல் அத்தனை பேரும் தட்டோடு வந்து நின்றுவிடுகிறார்கள். எஞ்ஜின் ரூமுக்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் நலம். எனக்கு மட்டும் ஒரு தும்மல், அது கியர் ஆயிலை மோந்து பார்த்ததால் வந்தது. உனக்குச் சளி எதுவும் இல்லையே?

நீ சொன்னபடியே செய்தோம். மெக்கானிக் எஞ்ஜினை ஓடவிட்டு, நன்றாகச் சூடானதும் அளவு பார்க்கும் கம்பியை உருவி என் வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தார். புதிதாக இருந்தால் நல்ல சிவப்பாம். இது வெயிலில் மறந்துபோன ரத்தச் சாம்பிள் போல் இருந்தது. பழுப்பு, ஆனால் ஓரத்தில் இன்னும் சிவப்பு இருக்கிறது. வாடை கொஞ்சம் கருகல். அவர் ஒருமுறை மோந்தார், நான் பலமுறை மோந்தேன். "போதும்மா, கம்பியைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

நிறம் மாறுகிறதா என்று தினமும் ஒப்பிட, பரிசோதனைக் கூடத்துக் குப்பி ஒன்றில் கொஞ்சம் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். அப்பா பால் எடுக்க வந்தவர் குப்பியைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யாரோடதும்மா இது? மறைக்காம சொல்லு. மாப்பிள்ளையோடதா?" என்று கேட்கிறார். "காரோடதுப்பா" என்றேன். அதற்கு அவர், "அப்போ அதுக்கும் சேர்த்து டாக்டரைப் பாரு" என்கிறார்.

உன் மாமா டை கட்டியவரிடம் தினமும் போனில் பேசுகிறார். சட்டென்று ஒரு முடிவு சொல்லு. நீ சொன்னால்தான் இங்கே எடுபடும்.

நேரத்துக்குத் தூங்கு. எங்கள் பங்கையும் சேர்த்துத் தூங்கு.

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் தும்மல் தீர்ந்திருக்கும் என நம்புகிறேன். அப்பாவிடம் குப்பியைக் காட்டாதே.

ஓரத்தில் சிவப்பு மிச்சமிருக்கிறது என்றாயே, அது நல்ல செய்தி. அப்படியானால் மொத்தத்தையும் கொட்டக்கூடாது. கொட்டாமலும் விடக்கூடாது. அக்கா, நான் தினமும் பார்க்கிற விஷயம் இது. நாள்பட்ட எண்ணெயை அப்படியே விட்டால் கெட்டியாகிக் கருகும். ஒரேயடியாக மாற்றினால் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததெல்லாம் பெயர்ந்து மேலே வந்து மிதக்கும், எதைப் போட்டாலும் அதில் ஒட்டும். பாதியை மெல்ல இறக்கு. அடியில் தங்கியதை வழித்தெடு. அதே வகையில் புதியதைச் சேர். சில வாரம் ஓடட்டும், பழையதும் புதியதும் பழகிக்கொள்ளும். பிறகு மறுபடி பாதி. இப்படி மூன்று முறை. பிரஷர் மெஷின் பக்கம் போகவே வேண்டாம்.

இதற்கு மேலே ஒன்றரை வரி அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். அதைப் படிக்க வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் ஏதோ எழுதிவிட்டேன்.

கடிதத்தின் மூலையில் கறை பட்டுவிட்டது. வேறு தாள் இல்லை, மன்னித்துக்கொள்.

மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உன் தம்பி

*

ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் மாமாவின் முதுகு தேவலை, மனசுதான் கொஞ்சம் சுளுக்கியிருக்கிறது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

படிக்க வேண்டாம் என்று எழுதினால் யார்தான் படிக்க மாட்டார்கள்? தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உன் மாமா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து உரக்கப் படித்துவிட்டார்: "கருகல் வாடை போக ஓர் உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டு எடுத்துவிடு."

"உருளைக்கிழங்கா? மச்சான் என்ன எழுதியிருக்கான்?"

எனக்கும் புரியவில்லை. உன்னை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "ஏதாவது பார்ட்டுக்குக் கப்பல்ல அப்படிச் செல்லப்பேர் இருக்கும்" என்று சொல்லிவைத்தேன். மனுஷர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போய், டை கட்டியவரிடம் ஒரு தினுசாகச் சாய்ந்து நின்று, "கியர் ஆயில் மாத்தும்போது உருளைக்கிழங்கையும் பாப்பீங்கல்ல?" என்று கேட்டிருக்கிறார்.

டை கட்டியவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, "கண்டிப்பா சார். உருளைக்கிழங்கு நம்ம ஃபுல் பேக்கேஜ்லயே வந்துடுது" என்றாராம்.

மே மூன்றாம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டு, வெற்றி வீரராக வீட்டுக்கு வந்தார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். மெக்கானிக் காருக்கு அடியில் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கார் குலுங்கியது. சிரிக்கிறார்.

"உருளைக்கிழங்குன்னு எந்த வண்டியிலயும் எதுவும் கிடையாதும்மா. அது வறுக்கிற எண்ணெய்ல வாடை எடுக்கிற வேலை. என் வீட்டுக்காரி செய்வா. உங்க தம்பி கப்பல்ல எஞ்ஜின்ல இருக்காரா, அடுப்புல இருக்காரா?"

"என்ன விளையாட்டு இது?" என்று முறைத்தேன். அவர் உன் கடிதத்தை வாங்கி, மூலையிலிருந்த கறையை மூக்கருகே கொண்டுபோனார். "கியர் ஆயில் இல்லம்மா. வெங்காயம் வதக்கினது." நான் வாங்கி மோந்தேன். இந்த ஒரு மாதத்தில் என் மூக்கு எண்ணெயில் கைதேர்ந்துவிட்டது, உனக்குத் தெரியும்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால், "பாதி பாதியா மாத்தச் சொன்னது சரியான பேச்சும்மா. நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். மொத்தமா மாத்துனா நான் பொறுப்பு இல்ல" என்று அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம், "அப்படி ஒரு பார்ட்டே கிடையாதாம். இல்லாததையே மாத்தறேங்கிறவன், இருக்கிறதை என்ன பண்ணுவான்?" என்றேன். மே மூன்று ரத்து. "அப்போ மச்சான் ஏன் அப்படி எழுதினான்?" என்றார். "அதான் அடிச்சிருக்கானே" என்றேன்.

உன்னிடம் கேட்க இன்னொன்று இருந்தது. பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அக்கா

*

மே 21

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால் தாமதமா, அல்லது எழுதக் கூடாத எதையாவது நான் எழுதிவிட்டேனா? மெக்கானிக் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவார். மனதில் வைத்துக்கொள்ளாதே.

முதல் பாதி மாற்றியாயிற்று. அடித்தட்டைக் கழற்றும்போது அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்வதைப் போல. தட்டின் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. அதில் இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால் கதை முடிந்ததாம். எனக்குப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். "மையாட்டம்தாம்மா இருக்கு. சில்லு இல்ல" என்றார் மெக்கானிக். அப்பா எழுந்து நின்று கைதட்டினார். பாப்பா முழித்துக்கொண்டு அழுதாள். குலுக்கல் சற்று மட்டுப்பட்டிருக்கிறது. கழுதை இப்போது உதைப்பதில்லை, முட்டுகிறது.

அப்பா தெருவெல்லாம், "என் பையன் கடல்லேர்ந்தே வண்டியைச் சரிபண்ணிட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தபால்தான் தாமதம். சில்லு இல்லாதது மகிழ்ச்சி. அடுத்த பாதியை மறக்காதே. மாமா, அப்பா, மருமகள் எல்லோரும் சௌக்கியம்தானே?

அந்த மெக்கானிக் கெட்டிக்காரர். அப்பாவிடம் அவரை அதிகம் பேசவிட வேண்டாம்.

உன் தம்பி

*

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது, அதனால் நான் நீளமாக எழுதுகிறேன்.

இரண்டாவது பாதியும் மாற்றினோம். நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். கார் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் ஓடுகிறது. குலுக்கல் மருந்துக்குக்கூட இல்லை. வந்த வினை அதுதான். தூங்காமணி தூங்குவதில்லை! சீட்டில் உட்கார்ந்து, ஏதோ காணாமல் போனதைத் தேடுவது போல் எங்களைப் பார்க்கிறாள். கடைசியில் உன் மாமா, மூன்றாவது கியர் விழும் வேகத்தில் பிரேக்கை லேசாக ஒரு தட்டுத் தட்டக் கற்றுக்கொண்டார். பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். பாப்பா தூங்குகிறாள். கஷ்டப்பட்டுச் சரிசெய்த குலுக்கலை இப்போது காலால் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது என் கவலை வேறு. அவளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது, எதை ஊட்டினாலும் துப்புகிறாள். சுவரில், என் கண்ணாடியில், உன் மாமாவின் ஆபீஸ் சட்டையில். காப்பகத்து அம்மாவும் கைவிரித்துவிட்டார். புத்தகத்தில் போட்டிருக்கும் எடைக்கு அவள் கொஞ்சம் குறைவு. எனக்கு இதே நினைப்பாக இருக்கிறது.

உங்கள் கப்பலில் சமையல்காரர் ஒருவர் இருப்பாரே, அவரைக் கேட்டு எழுது. நாள்தோறும் அத்தனை பேரைச் சாப்பிட வைக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவரிடம் இன்னொன்றும் சொல். எண்ணெய் விஷயத்தில் எங்கள் காரைக் காப்பாற்றிய யோசனை யாருடையதாக இருந்தாலும், அவர்மேல் இந்த வீட்டில் மரியாதை கூடியிருக்கிறதே தவிர ஒரு பொட்டும் குறையவில்லை. இதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டு.

கண் விழிக்காதே. உடம்பு முக்கியம்.

அக்கா

*

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம். உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். சமையல்காரரிடம் படித்துக் காட்டினேன். அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு சொன்னார், நீ கவனமாகக் கேள்.

நீ எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கூழாக்கித் தருகிறாய், அப்படித்தானே? அதுதான் தப்பு. குழந்தைக்கு எல்லாமே ஒரே வழவழப்பு. நம் குழந்தை குலுக்கலுக்குப் பழகியவள், வழவழவென்று போனால் அவளுக்குப் பிடிக்குமா? பூசணித் துண்டைத் தண்ணீரில் போட்டு வேகவிடாதே, சாரமெல்லாம் தண்ணீரோடு போய்விடும். ஆவியில் வேகவை. தோலோடு வை, பிறகு உரித்துக்கொள். உருளைக்கிழங்கு கால் பங்கு, அதற்கு மேல் போனால் பசையாகிவிடும். முள்கரண்டியால் மசி. மிக்ஸி வேண்டவே வேண்டாம். அங்கங்கே சின்னச் சின்னதாக, மெத்தென்று, நாக்கில் தட்டுப்பட வேண்டும். வெண்ணெயை அடுப்பில் வைக்காதே, இறக்கியபின் அந்தச் சூட்டிலேயே உருகட்டும். உப்பு வேண்டாம். நான் எப்போதும் மூடியைத் திறந்ததும் முதலில் வாடையைத்தான் பார்ப்பேன், அதாவது அவர் பார்ப்பார். இனிப்பு வாடை வந்தால் வெந்துவிட்டது.

ஊட்டாதே. முன்னால் வைத்துவிட்டு, நீ வேறு பக்கம் பார். சாப்பிடுகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் பெரியவர்களுக்கே இறங்காது. இது என் அனுபவம்.

சமையல்காரர் உங்கள் எல்லோரையும் விசாரித்தார். அப்பாவைத் தனியாக.

உன் தம்பி

*

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், பாப்பாவும் சேர்த்து. இந்த முறை எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சாப்பிட்டாள்! முன்னால் வைத்துவிட்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரில் எதுவும் வந்து விழவில்லை. மெதுவாகத் திரும்பினால் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருக்கிறாள். புருவம் வரை பூசணி. மிச்சமிருந்ததை அப்பா ருசி பார்க்கிறேன் என்று ஆரம்பித்து, கிண்ணத்தை வழித்துவிட்டார்.

"உப்பு போடலையா?"

"கொழந்தைக்கு வேண்டாம்னு எழுதியிருக்கான்."

"யாரு எழுதினது?"

"கப்பல் சமையல்காரரைக் கேட்டு உங்க பையன் எழுதினான்ப்பா."

கடிதத்தைக் கேட்டார். கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார். மடித்தார். பிரித்து மறுபடி படித்தார். எழுந்து வாசலுக்குப் போய், காரின் பானெட்டைத் திறந்து, பதினெட்டு வருடமாகத் தொடாத அந்தக் கம்பியை உருவி மோந்து பார்த்தார். நல்ல சிவப்பு. எதிர்வீட்டுக்காரர் வந்து, "என்ன சார், பையன் கப்பல் ஓட்டுறது எப்படிப் போகுது?" என்று வழக்கம்போல் கேட்டார்.

அப்பா கம்பியைத் துடைத்து உள்ளே செருகிவிட்டுச் சொன்னார்: "ஓட்டுறதுக்கு யார் வேணா இருக்கலாம் சார். என் பையன் இல்லன்னா அந்தக் கப்பல்ல ஒருத்தன் எந்திரிக்க மாட்டான்."

மூன்றாவது பாதி அடுத்த மாதம். தானே கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கடிதத்தை மூடும்போது, வாந்தி நின்றதா என்று எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ நின்னிருக்கும். கையில எண்ணெய் தெறிக்காம பாத்துக்கச் சொல்லு" என்றார்.

"கியர் ஆயிலாப்பா?" என்றேன்.

"ஆமா, ஆமா. கியர் ஆயில்தான்" என்று சொல்லிவிட்டு, பாப்பாவின் புருவத்தைத் துடைக்கத் துணி எடுக்கப் போய்விட்டார்.

கையைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா